பதினொரு மணி உச்சிவெயில்

பவளமும் வளர்ப்பதென்றால்
விளக்கே பதினாலாயிரம் என்றார் கடைக்காரர்.
மீன் மட்டும்தானா,
இந்த ஆயிரத்தெண்ணூறே தாராளம்.
பவளத்தைக் கடலுக்கே விட்டுவிட்டு
தாராளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

தேவனாம்பட்டினத்தில் மொண்ட தண்ணீர்
எட்டு கேன், டிவிஎஸ்ஸில் நாலு நடை.
விளக்கில் வெள்ளை ஒரு வரிசை, நீலம் ஒரு வரிசை.
வெள்ளையைக் கூட்டினால்
மூன்றே நாளில் கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி.
நீலத்தில் விட்டால்
'ஐசியூ மாதிரி இருக்கு' என்கிறாள் பரிமளா.

சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து
வீடு சேர பத்தேமுக்கால்.
டைமரைத் திருகினேன்:
ராத்திரி ஏழுக்கு விடியல்,
பதினொன்றுக்கு உச்சி.
கரண்ட் பில் வரட்டும், பார்க்கலாம்.

தெரு அணைந்து கிடக்கிறது.
கோமாளி மீன் இரண்டும்
எனக்காகத் தள்ளிவைத்த பகலில்
தீனி கேட்டு மேலே வருகின்றன.