பதினோரு மணிச் சாயா

வேலைக்குச் சேர்ந்த அன்று தந்த படிவத்தில்
மதம்: கிறிஸ்தவம்.
சபை என்ற கட்டத்துக்கு ஒரு விரற்கடைதான் இடம்.
'பிற்காலப் பரிசுத்தவான்களின்' என்பதற்குள்
கோடு முடிந்துவிட்டது.
மீதியை ஓரத்தில் மேல்நோக்கி எழுதினேன்,
நல்லமிளகுக் கொடி ஏறுகிற மாதிரி.
அப்புக்குட்டன் சார் கண்ணாடியை உயர்த்தினார்.
"இது பெந்தெகொஸ்தேயா பிள்ளே?"
"இல்ல சார்."
"அப்போ ஆர்.சி.யா?"
"இல்ல சார்."
"செரி, கெடக்கட்டு. கையெழுத்துப் போடு."

மார்த்தாண்டம், வெட்டுமணிக்குப் பக்கம்,
தேன் வாங்கி விற்கும் கம்பெனியின் பின்னறை.
ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துக்
கண்ணாடிச் சில்லில் தடவி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
ஈரம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது என் வேலை.
மாசியில் ரப்பர் துளிர்க்கும்.
அந்தத் தேன் பூவிலிருந்து வருவதில்லை,
இளம் இலையின் காம்பு கசிவதிலிருந்து வருகிறது.
பி.எஸ்சி. படித்த மூன்று வருடமும்
எவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.
பெட்டி வைக்கிற சுஜின் சொன்னான்,
கொட்டு வாங்கி வீங்கிய உதட்டோடு.

பதினோரு மணிக்குச் சாயா வரும்.
முதல் நாள் வேண்டாம் என்றேன், வயிற்றுவலி என்று நினைத்தார்கள்.
இரண்டாம் நாள், டயட்.
மூன்றாம் நாள் லீதியாள் அக்கா
காதருகே வந்து "நேர்ச்சையா?" என்றாள்.
ஒருவிதத்தில் ஆமாம்.
அதற்குப்பின் என் தம்ளரும் அவளுக்கே.

ஞாயிறு காலை
கோவில் மணி அடிப்பதற்கு முன்பே அம்மா கிளம்பிவிடுவாள்.
சி.எஸ்.ஐ. பாடகர் குழுவில் அவள் ஆல்ட்டோ.
பெங்களூரில் வயரிங் வேலை பார்த்த காலத்தில்
அப்பா தண்ணீரில் முழுதாய் மூழ்கி எழுந்ததை
இன்னும் "அந்தக் குளி" என்றுதான் சொல்வாள்.
சொல்லிக்கொண்டே
அவருக்கும் தம்பிக்கும் வெள்ளைச் சட்டை
இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போவாள்.

எங்கள் கிளை கோயம்புத்தூரில்.
பெரும்பாலும் முன்னறையே சபை:
அப்பா, நான், அபினேஷ்,
போனில் பாதி உறைந்துபோன நாற்பது முகங்கள்.
தம்பி பேக்கரி ரொட்டியைப் பிய்க்கிறான்.
இருமல் மருந்தோடு வந்த குட்டி மூடிகளில் தண்ணீர்.
ஜெபத்தில் ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து.
பதினேழு வயசு. குரல் இரண்டு இடத்தில் உடைகிறது.
அப்பா விரலை லேசாக உயர்த்துகிறார்.
எதிர்வீட்டுக் கோழி எதற்கோ கத்துகிறது.
மூன்றாம் முறை முடிக்கிறான்.
நான் ஆமென் சொன்னது கொஞ்சம் சத்தமாகத்தான்.

முதல் சம்பளம் பதினோராயிரத்து ஐந்நூறு, கவரில்.
ஆயிரத்து நூற்றைம்பதைத் தனியாக எடுத்துவைத்தேன்.
அம்மா பார்த்தாள்.
ஓட்டின் மேல் விரித்த தார்ப்பாயையும் பார்த்தாள்.
"எங்க சபையிலயும் பத்திலொண்ணு உண்டு.
ஆனா ஆரு இப்படி அம்பது ரூவா வரைக்கும் எண்ணிக் குடுக்கா?"
பிறகு தன் பர்ஸிலிருந்து
மடிப்புக் கலையாத ஐம்பது ஒன்றை எடுத்து வைத்து
என் கசங்கிய நோட்டை எடுத்துக்கொண்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம்.
அன்று பார்த்து அவசர லோடு, வா என்றார் சார்.
போகலாமா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறியிருந்தேன்.
நாற்பது டின்.
முப்பத்தேழு சரி, மூன்றில் சந்தேகம்.
"நக்கிப் பாரு பிள்ளே, புளிச்சிருக்கான்னு."
"நாளைக்கு, சார்."
என்னையே கொஞ்சநேரம் பார்த்தார்.
தானே விரலை விட்டு நக்கினார்.
மூன்றையும் சுவரோரம் தள்ளிவைத்தார்.

சாயாக்கடைப் பையன் ஒருநாள் கேட்டான்,
"அக்கா, சுக்குக்காப்பி குடிப்பீங்களா?"
"காப்பிப்பொடி போடுவியா?"
"ஒரு நுள்ளு. நெறத்துக்கு."
"அந்த நுள்ளு இல்லாம?"
உப்பில்லாத கடலைக் கேட்டதுபோல் நின்றான்.

இப்போது பதினோரு மணிக்கு
ஏழு சாயாவோடு ஒரு தம்ளர் தனியாக வருகிறது,
வெளுத்த நிறம், மிளகு தூக்கல்.
மேலே மூடிய காகிதத் துண்டில்
அவனாகவே எழுதியிருக்கிறான்:
மத்தது.