மூடி உடையாத போத்தல்

கலபோகி ஓட்டப் பாதை. ஒன்பதாவது சுற்று.
ஸ்டியரிங் மயூரதனின் கையில்.
நான் தடுப்போரம் நின்று தேத்தண்ணி குடித்தேன்.
நீண்ட வலது வளைவிலிருந்து கார் வந்தபோது
உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள்,
முதலில் விரல் மடக்கி,
பிறகு முஷ்டியால்,
பிறகு தட்டவில்லை.

இழுவை வண்டியில் பார்ஹேவன் வரைக்கும்
"நான் கியர் பிழையாப் போடேல்லையடா" என்றான்,
இரண்டு தரம்.
நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
சோள வயல்களை எண்ணினேன் என்று சொல்லலாம்.
காசை எண்ணினேன்.

பாதிப் பாதியாய் வாங்கிய மியாட்டா.
இரண்டே இருக்கை.
நாலு மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

ஜனவரி, வெளியே மைனஸ் இருபத்தாறு.
கராஜ் ஹீட்டர்
என் இடது காலை மட்டும் சூடாக்கும்.
ஒயில் ஃபில்டரை வெட்டி விரித்தேன்,
மடிப்புக்கு மடிப்பு ஜிகினா.
கல்யாண வீடு முடிந்த மறுநாள் மண்டபம் போல.

பேரிங் பெரிய சாமான் இல்லை.
பிள்ளையின் காப்பைப் பாதியாய் வெட்டிய மாதிரி
இரண்டு தகடு.
அவற்றுக்கும் தண்டுக்கும் நடுவே
எண்ணெய் ஒரு தோல்.
தொடாமல் சுற்றவேண்டும், அதுதான் ஏற்பாடு.
நாலாவதில் தொட்டிருந்தது.
செம்பு தெரியத் தேய்ந்து,
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

கியர் பிழைத்திருந்தால்
வால்வு பிஸ்டனை முட்டியிருக்கும்,
தலையில் பிறைத் தழும்பு இருக்கும்.
ரோச் அடித்துப் பார்த்தேன். இல்லை.
துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன்.
தழும்பு இருந்தால் நல்லது என்று
நெடுநேரம் தேடினேன்.

துணி எடுக்கப் போனபோதுதான்
உப்பு மூட்டைக்குப் பின்னால் அவை.
ஓகஸ்டில் வாங்கிய ஐந்தில்
இரண்டு போத்தல்,
மூடி உடையாமல்.

நாலு லீற்றரும் கொஞ்சமும் பிடிக்கும் எஞ்சின்.
வட்டி வீதம் பற்றி வங்கிக்காரியோடு
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
எண்ணெய் மாற்றியவன் நான்.
அளவுகோலை இழுத்தேன், துடைத்தேன்,
திரும்ப விட்டுப் பார்க்கவில்லை.

அன்றே போன் எடுத்தேன் என்று எழுத ஆசை.
பதினொரு நாள்.
இடையில் தண்டைக் கடையச் சேர்ந்தேன் கார்ல்டன் பிளேசுக்கு.
பட்டறை ரெஜான் விரலால் தடவிவிட்டு
"யார் ஓட்டினது?" என்றார்.
"சிநேகிதன்" என்றேன்.
வாய் பழகியிருந்தது.

புதுப் பேரிங்குக்குள்
பச்சை நூலை வைத்து இறுக்கித் திறந்தால்
நசிந்த அகலம் இடைவெளியைச் சொல்லும்.
ஒரு முடியின் பாதி.
அதற்குக் குறைந்தால் உரசும்,
கூடினால் தட்டும்.
நாலாவதை மூன்று தரம் அளந்துவிட்டு
அவனுக்கு எழுதினேன்:
'தனிய இறக்கேலாது. ஒரு ஆள் வேணும்.'

வந்தான். தன் கையுறைகளோடு.
மேசையில் இரண்டு போத்தலையும் வைத்திருந்தேன்.
சொல்ல ஒரு வசனம் வைத்திருந்தேன், அது வரவில்லை.
அவன் ஒன்றை எடுத்து
மூடியைச் சுற்றிப் பார்த்தான்.
மற்றதையும்.
பிறகு சங்கிலியைப் பிடித்தான்.
நாலு மணித்தியாலம்
"கொஞ்சம் இடது", "நில்லு", "இப்ப விடு",
அவ்வளவுதான் தமிழ்.

எண்ணெயை அவன்தான் ஊற்றினான்.
"ஒண்டு" என்று வெறும் போத்தலை நிலத்தில் வைத்தான்.
"ரெண்டு."
என்னைப் பார்க்காமல்,
தெருவுக்கே கேட்கும்படி,
"மூண்டு."
"நாலு."
மிச்சத்தைத் துளித்துளியாய்.
அளவுகோலைத் துடைத்து, திரும்ப விட்டு,
என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

பெற்றோல் பம்பின் ஃபியூசைக் கழற்றி
எஞ்சினை வெறுமனே சுற்றினோம்.
அழுத்தமுள் படுத்தே கிடந்தது,
கிடந்தது,
பிறகு எழும்பியது.

ஃபியூசைப் போட்டுவிட்டுத் திறப்பை நீட்டினேன்.
"நீ அடி" என்றான்.
நீண்ட ஸ்க்ரூட்ரைவரின் நுனியை
நாலாவது சிலிண்டருக்குக் கீழே ஊன்றி,
பிடியைக் காதில் வைத்து,
கண்ணை மூடிக்கொண்டான்.