கடலுக்கு ஐந்து நிமிடம்

விளம்பரத்தில் எழுதியது நான்தான்,
கடலுக்கு ஐந்து நிமிடம் என்று.
யார் காலுக்கு ஐந்து என்று எழுதவில்லை.

வால்மீகி நகர், இரண்டாவது மாடி,
ஹாலைத் தாண்டி மேற்கு அறை.
குளியலறை தனி. ஏ.சி. ஒன்றரை டன்.
வருகிறவர்கள் ஒன்பது மணிக்குத் தொப்பியோடு கிளம்புவார்கள்,
மாமல்லபுரம், மயிலாப்பூர், தி. நகர்,
இரவில் மணலோடு திரும்புவார்கள்.
நடுவே கிடக்கும் பன்னிரண்டு மணி நேரம் என்னுடையது.
அப்போதுதான் நைட்டியில் உலாத்துவேன்,
ரோஸ்லினோடு ஸ்பீக்கரில் சண்டை போடுவேன்,
கருவாடு வறுப்பேன்.
வாடகைக் கணக்கில்
அந்தப் பன்னிரண்டையும் சொல்லாமல் சேர்த்துத்தான் வைத்திருந்தேன்.

மிருணாளி பருவா, ஜோர்ஹாட்.
ஐந்து இரவு. சின்னப் பெட்டி ஒன்று.
சாவியை வாங்கிக்கொண்டு
நன்றி என்று தமிழிலேயே சொல்லிக்
கதவைச் சாத்தினாள்.

முதல் நாள், பயணக் களைப்பு என்றேன்.
இரண்டாம் நாள், வயிறு சரியில்லையோ,
மோர் வேண்டுமா என்று கதவிடம் கேட்டேன்.
வேண்டாம் என்றது கதவு.
மூன்றாம் நாள்
சாப்பாட்டுப் பையோடு ஹெல்மெட் போட்ட பையன் மூன்று முறை.
நான் மீட்டர் முன்னால் நின்றேன்.
சிவப்புப் புள்ளி கண் சிமிட்டியது,
எனக்கென்றே சிமிட்டுவது போல.

வீட்டு விதிகள் பதினொன்று, அச்சடித்து மாட்டியிருக்கிறேன்.
செருப்பு வெளியே.
ஈரத் துண்டு மெத்தைமேல் கூடாது.
லாரித் தண்ணீர், பார்த்துச் செலவழிக்கவும்.
வெளியே போகவும் என்று ஒன்று இல்லை.
எப்படி எழுதுவது அதை,
காசு கொடுத்த அறையில் தயவுசெய்து இருக்காதீர்கள் என்றா?

"எதுக்கும் ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லி வைக்கா"
என்றாள் ரோஸ்லின்,
லாட்ஜில் தனியாய்த் தங்கிய ஒருத்தி கதையையும் சொன்னாள்.
வெறுங்காலோடு போய்க் கதவில் காது வைத்தேன்.
ஏ.சி. நீர் பக்கெட்டில் சொட்டும் சத்தம்.
பிறகு சிரிப்பு.
தனியாக, எதற்கோ, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
நிம்மதி வந்திருக்க வேண்டும்.
எரிச்சல்தான் வந்தது.

நான்காம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்,
கையில் கொய்யாக்காய்.
கொஞ்சம் உப்பு கேட்டாள்.
இருவருக்கும் பாதி பாதி தெரிந்த இந்தியில் கேட்டேன்,
கடல் பார்க்கவில்லையா,
இத்தனை தூரம் வந்துவிட்டு?

வீட்டில் ஒன்பது பேர் என்றாள்.
என்னை யாரும் கூப்பிடாத அறை ஒன்றில்
ஐந்து நாள் இருக்க நினைத்தேன்.
உப்பை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு
கோபமே இல்லாமல் சொன்னாள்:
நீங்கள் நேற்று ஏழு முறை கூப்பிட்டீர்கள்.

ஏழு இருக்காது.
மோர், பிறகு பேப்பர், கொசுவத்தி,
குப்பை எடுக்க வந்தபோது,
கீழே மோட்டார் போட்டபோது,
சும்மா ஒரு முறை.
ஆறு.

சாயங்காலம் நான் வெளியே போனேன்.
செருப்பைத் தேட வேண்டியிருந்தது,
வார் ஒட்டிப் போயிருந்தது.
மருந்துக் கடையில் நின்றதையும் சேர்த்துப்
பதினேழு நிமிடம்.
கடல் இருந்தது.
கடைசியாக வந்தது கிறிஸ்துமஸுக்கு முன்னால்,
யாரோ ஒரு விருந்தாளிக்கு வழி காட்ட.

திரும்பியபோது ஹாலில் என் நாற்காலியில் அவள்,
கால் இரண்டும் டீப்பாய்மேல்,
என் மின்விசிறியை ஐந்தில் வைத்து
போனில் யாரையோ அசாமியில் திட்டிக்கொண்டு.
என்னைப் பார்த்துக் காலை இறக்கப் போனாள்.
இரு, இரு என்று சொல்லி
என் அறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டேன்.
உள்ளே என்ன செய்வதென்று தெரியவில்லை.
கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்
மணல் காலோடு,
விதி எண் நான்கை மீறி.

இப்போது விளம்பரத்தில்
ஐந்தை அழித்துப் பதினேழு ஆக்கியிருக்கிறேன்.
கரண்ட் பில் இன்னும் வரவில்லை.