கணக்கில் வராத துண்டு

கச்சான் விழுந்துபோன மதியம்
பாயைச் சுருட்டி இன்ஜினில் திரும்பும்போது
புகைக்குழாய் தண்ணீர் துப்புவதை நிறுத்தியது.
வறட்டு இருமல். ரப்பர் கருகும் வாடை.
அணைத்துவிட்டு மறுபடி பாயை ஏற்றி
இருக்கிற காற்றைப் பொறுக்கிப் பொறுக்கித்
தெற்குவாடி வந்து சேர இருட்டிவிட்டது.

காலையில் கடல்வால்வை அடைத்தேன்.
பம்பு மூடியில் ஆறு திருகு.
ஐந்து கழன்றது. ஆறாவது
தன் தலையைத் தானே தின்றுகொண்டு
நகரமாட்டேன் என்றது.
உளி வைத்து, அதன் குலத்தையே திட்டித்தான் எடுத்தேன்.

வடிகட்டியில் பால் பாக்கெட்டின் மூலை,
'சமன்படுத்த' வரை எழுத்து மிச்சம்.
உள்ளே இம்பெல்லர்:
ஆறு றெக்கையில் நாலு.

"ரெண்டு எங்கே?" என்றாள் செலஸ்தீன்.
"கடலுக்குள்ள போயிருக்கும்."
"எப்படிப் போகும், இத்தனை வளைவு தாண்டி?"
கணவாய் கிழிக்கிறவள்;
எதன் வயிற்றில் எது எங்கே சிக்கும் என்று தெரியும்.
என் கை நுழையாத சந்தில்
அவள் கை முழங்கை வரை போனது.

முதல் துண்டு ஹோஸ் முனையில்.
இரண்டாவது கூலரின் வாயில்.
உடைந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம், இரண்டும் பொருந்தின.
நான் கையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இரு" என்றாள்.
கம்பியை விட்டு நெம்பி
இன்னொன்றை எடுத்தாள்.
கல்லாய் இறுகிய ரப்பர், மேலே வெள்ளையாய் உப்புத் தோல்.
எங்கள் இம்பெல்லரில் எதனோடும் சேரவில்லை.

பிலவேந்திரன் இந்த வத்தையை விற்றபோது
"ராசியில்லாத இன்ஜின், எப்பவும் கொதிக்கும்" என்று
அவராகவே முப்பதாயிரம் குறைத்தார்.
நான் தலையாட்டினேன்.
செலஸ்தீன் என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

புதியதற்குச் சோப்புத் தண்ணீர் தடவி
றெக்கைகளைச் சுற்றும் பக்கம் மடக்கித்
திருகித் தள்ளினேன்.
யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகையை
வட்டமாக வெட்டி கேஸ்கட்;
மணமகன் பெயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
வால்வைத் திறந்து இன்ஜினை உதைத்தேன்.
பத்து எண்ணுவதற்குள்
புகைக்குழாய் துப்பியது,
விட்டு விட்டு, பிறகு விடாமல்.
வாங்கிய நாளிலிருந்து போகாத இடத்தில்
சூட்டு முள் போய் நின்றது.

சாயங்காலம் டீக்கடையில் பிலவேந்திரன்.
இப்போது அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார்.
"இன்னும் சூடுதானா?"
என் சட்டைப்பையில் அந்தத் துண்டு.
"சூடுதான்" என்றேன்.
"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று
முகம் மலர்ந்து இன்னொரு டீ சொன்னார்.
எனக்கும் சேர்த்து
அவரே காசு கொடுத்தார்.