இன்னொரு கோல்கீப்பர்

ஞாயிறு நாலு கோல் வாங்கினோம்.
செவ்வாய் ராத்திரி கூட்டம்,
அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால்
பாஷா பாயின் டயர் கடை மாடியில்.
பொருள்: தங்கவயல் பையனை எடுப்பதா, வேண்டாமா.
குறிப்பெழுதும் நோட்டு என்னிடம்.

பதினேழு வயது. பெயர் யாபேஸ்.
ஆறடி ஒரு அங்குலம், இன்னும் வளர்கிறான்.
விடிகாலை ரயிலில் வந்து
இரண்டு நாள் ட்ரையல் கொடுத்துவிட்டுப் போனான்.
"கையாப்பா அது? பலாப்பழம் எறக்குற கூடை"
என்றார் லூர்துநாதன்.
போன வருஷம் டெல்வினைப் பற்றியும்
ஏறக்குறைய இதையே சொன்னார்.
அப்போது கூடை இல்லை, முறம்.

பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
நாகேஷ்: இரண்டு சீசன்.
இப்போது சிவப்புச் சட்டை போட்டு
வீடு வீடாகப் பிரியாணி கொண்டுபோகிறான்,
எங்கள் மைதானத்தைச் சுற்றித்தான்.
வண்டியை மட்டும் நிறுத்துவதில்லை.
கெவின்: ஏழு மேட்ச். அப்புறம் ரயில்வேயில் வேலை.
மன்றம் வாழ்த்து தெரிவித்ததாக என் கையெழுத்திலேயே இருக்கிறது.
டெல்வின்: பத்தொன்பது முடியவில்லை.
அவன் மேல் விழுந்த முதல் மழை காய்வதற்குள்
அடுத்தவனுக்குச் சட்டை அளவெடுக்கிறோம்.

"ஒரு கோல்போஸ்ட்டுல எத்தன பேர நிக்க வெப்பீங்க?"
கேட்டது செலின். பொருளாளர்.
கணக்கில் பதினோராயிரத்து நானூறு.
"ஃபார்வர்டுன்னா பெஞ்சுல ஒக்காந்திருந்து
எழுபதாவது நிமிஷம் எழுந்திரிப்பான்.
கீப்பர் ஒக்காந்தா
ஒக்காந்ததுதான்."

லூர்துநாதன் விடவில்லை.
"இப்ப வுட்டா ஆஸ்டின் டவுன்காரன் தூக்கிருவான்.
நாளைக்கு அதே பையன் நம்ம பெனால்டிய புடிப்பான்.
அப்ப நோட்டுல என்னா எழுதுவ?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

முனிரத்தினம் அதுவரை வாய் திறக்கவில்லை.
வேர்க்கடலைத் தோலை மேசையில்
நாலு நாலாக அடுக்கிக்கொண்டிருந்தவர்
"கதவ மாத்திட்டே கெடக்கோம்.
செவுத்த ஒருத்தரும் தட்டிப் பாக்கல" என்றார்.
அடுக்கியதை ஊதிவிட்டார்.

சுவரின் சட்டை எண் மூன்று.
வயது முப்பத்துநாலு,
இடது முழங்காலில் கொஞ்ச நாளாக ஒரு சத்தம்.
ஞாயிறு வந்த நாலில் மூன்று
என் பக்கமாகத்தான் வந்தன.
மூன்றாவதுக்கு நான் திரும்பவேயில்லை.
நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கி
ஆஃப்சைடு கேட்டேன்.
டெல்வின் ஒற்றையாய் ஓடிவந்தான்,
எதிரே இரண்டு பேர்.
சேற்றிலிருந்து எழுந்தவன் என்னிடம்
"ஸாரிண்ணா" என்றான்.

இதைச் சொல்லிவிடலாமென்று
பேனாவை மூடினேன்.
பாஷா பாய் சமோசாவோடு மேலே வந்தார்.
சட்னி போதவில்லை என்று ஒரு பேச்சு,
ஹாஸ்டல் வாடகை, ரயில் பாஸ்,
கையுறை ஜோடி இரண்டாயிரத்து இருநூறு,
தள்ளுபடி கேட்டால் கொடுப்பானா.
நான் மறுபடி பேனாவைத் திறந்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள்.
நாலுக்கு நாலு.
பையன் வேண்டும் என்ற நாலு கைகளில்
ஒன்று என்னுடையது.
லூர்துநாதன் என் முதுகில் தட்டினார்,
'பந்து தெரிஞ்சவன்' என்று.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
புதிதாய் ஒருவன் வந்து நின்றால்
இன்னும் ஒரு சீசன்
எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன்.
அது நாலாவது.
அதன் கீழே, யாரும் சொல்லாமலே,
ஐந்து என்று போட்டு
'தடுப்பாட்டம். குறிப்பாக மூன்றாம் எண்.
அடுத்த கூட்டத்தில்.'

வாசிக்கச் சொன்னார்கள்.
நாலு வரைக்கும் வாசித்தேன்.
செலினுக்குக் கடைசி பஸ், எல்லோருக்கும் அவசரம்,
சமோசா எண்ணெய் விரலோடு
ஐந்தாவதன் மேலேயே ஏறி விழுந்தன
எட்டுக் கையெழுத்துகள்.
அடியில், கோணலாக,
என்னுடையதும்.