கீழ்க்குழாய்

நாலாவது சாலுக்கு முள் எழுந்துவிடுகிறது.
எழுபது, எண்பது,
பிறகு சிவப்புக்குள் சாய்ந்து
அங்கேயே குடியிருக்கிறது.
நிறுத்துகிறேன்.
பராகன் சமவெளியில் நிழல் என்று எதுவும் கிடையாது,
டிராக்டரின் நிழலைத் தவிர.
அதுவும் கொதிக்கிறது.

யுனிவர்சல் 650. என்னைவிட இரண்டு வயது இளையது.
மூடியை உடனே திறக்காதே, ஸ்மராண்டா:
இது எனக்கு நானே சொல்வது.
இடது முழங்கையின் வழுவழுப்பு
ஒருமுறை திறந்ததற்கு ரசீது.

ஐம்பது நிமிடம்.
ஒரு தக்காளி, கொஞ்சம் ஆட்டுச் சீஸ்.
என் பொறுமை
இரும்பு ஆறும் நேரம்தான், அதற்குமேல் இல்லை.

முதல் நாள் ரேடியேட்டரைக் கழற்றினேன்.
தகடுகளின் இடுக்கில்
மூன்று கோடையின் சூரியகாந்திச் சருகு,
வெட்டுக்கிளிக் கால்கள்,
காகிதமாகிப்போன ஒரு முழு வண்ணத்துப்பூச்சி.
பின்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினேன்.
கறுப்பு வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது.
இனி சரி என்று நினைத்தேன்.
ஐந்தாவது சாலுக்கு முள் எழுந்தது.
ஒரு சால் லாபம்.

இரண்டாம் நாள் பெல்ட்.
கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு விரற்கடை தாழ வேண்டும்,
தாழ்ந்தது.
பம்ப்பின் அச்சை ஆட்டினேன், ஆடவில்லை.
எண்ணெய்க் குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன்:
பால் கலந்த காபி நிறம் இல்லை.
அந்த ஒரு 'இல்லை'க்காகக்
குச்சிக்கு முத்தம் கொடுத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.

அன்றிரவு தெர்மோஸ்டாட்டை
மமாலிகா கிண்டும் சட்டியில்
நூல் கட்டித் தொங்கவிட்டேன்.
சோளமாவு வேகும் இடத்தில் பித்தளை வெந்தது.
எண்பதில் மெல்ல வாய் திறந்தது,
ஆறியதும் மூடியது.
இந்த வீட்டில்
திறக்க வேண்டியபோது திறந்து
மூட வேண்டியபோது மூடும் வாய்
அது ஒன்றுதான்.
வேல்வாவில் ஸ்ட்ராபெரி பறிக்கும் மகன்
போனில் சொன்னான்: விற்றுவிடு.
பழைய இரும்பு கிலோ என்ன விலை என்றும் சொன்னான்.

மூன்றாம் நாள் விடியுமுன் உறைத்தது:
நிற்கும்போது எல்லாம் நலமாக இருக்கிறது.
ஓடும்போது கெடுவதை
நிற்கவைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேகத்தை ஏற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.
கைவிசையோ பல் தேய்ந்தது,
பிடியை விட்டால் கீழே விழும்.
இருக்கையில் ஒருவர், இஞ்சினருகே ஒருவர்.
நான் ஒருத்தி.

வேலிக்கு அந்தப் பக்கம் பன்டெலிமோன்.
எல்லையில் நிற்கும் அக்ரூட் மரத்துக்காக
ஆறு வருடமாக என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவன்.
காய் யாருடையது என்று தீர்ப்பாகாததால்
காகங்கள் தின்கின்றன.

கூப்பிட்டேன். பெயரைச் சொல்லவில்லை.
"ஒரு கை வேண்டும்."
வந்தான். ஏறி உட்கார்ந்தான்.
"எவ்வளவு?"
"ஆயிரத்து எண்ணூறு. நான் சொல்லும்வரை விடாதே."

அப்போது பார்த்தேன்.
ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்ப்புக்குப் போகும்
அந்தக் கறுப்பு ரப்பர் குழாய்க்குக்
கன்னம் ஒட்டியது.
பம்ப் உறிஞ்ச உறிஞ்ச
இரண்டு சுவரும் ஒன்றையொன்று தொட்டு,
தண்ணீருக்கு வழியில்லை.
உள்ளே தாங்கி நிற்க வேண்டிய கம்பிச்சுருள்
எப்போதோ துருவாகிக் கரைந்திருக்கிறது.
"விடு" என்றேன்.
வேகம் தணிந்ததும் உப்பிக்கொண்டது,
ஒன்றுமே நடக்காததுபோல,
உருண்டையாக.

அவனுக்கும் பார்க்க ஆசை.
நான் ஏறி விசையைப் பிடித்தேன்,
அவன் மண்டியிட்டுக் குனிந்தான்.
"திருட்டுப் பயல்" என்றான்.
குழாயைத்தான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவன் கொட்டகையில் அளவான சுருள் ஒன்று கிடந்தது.
கொண்டுவந்து பானெட்டின்மேல் வைத்தான்,
கையில் தரவில்லை.
விலை கேட்டேன்.
தோளைக் குலுக்கிவிட்டு
அக்ரூட் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.

பன்னிரண்டு சால் ஓட்டினேன்.
எழுபத்தெட்டில் முள்
அசைபோடும் பசுபோல் படுத்துக்கிடந்தது.

வியாழக்கிழமை விசாரணை.
காலையில் ஊரிலிருந்து ஒரே ஒரு பஸ்தான்.
யார் முதலில் ஏறி
யாருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் என்று
இன்னும் தெரியாது.