நல்லகாலம்

வுப்பர்ட்டால் பதிவகத்தில் கிடைத்த ஒரே நாள்
டிசம்பர் இருபத்திரண்டு.
"மார்கழி பீடை மாசம். இது வெறும் கடதாசிக் கல்யாணம்,
தாலி தையிலதான்" என்றார் அப்பா.
கையெழுத்து வைத்த பேனாகூட எங்களுடையதில்லை.

அதன் பிறகு மாதம் முடியுமட்டும்
நான் குமருமில்லை, பெண்சாதியுமில்லை.

கோயில் அப்போது ஒரு பழைய கம்பளக் கிடங்கு.
விடியப் பூசை ஐந்தரைக்கு.
முதல் தொங்கு ரயிலில், மூன்றாம் நிறுத்தத்தில்
இவர் ஏறுவார். எதிர் இருக்கை.
காலடியில் ஆறு கறுப்பாய் ஓடும்.
பேச்சில்லை. பக்கத்தில் புவனேஸ் மாமி,
கம்பளித் தொப்பிக்குள் திருநீறு.

பதிகத்தில் எனக்குப் பாதிதான் பாடம்.
மீதியை ஆண்கள் பக்கத்திலிருந்து
இவர் குரல் தரும்,
சுருதி விலகி.
சந்தனக் கிண்ணம் என்னிடம் வரும்போது
இவர் விரல் பதிந்த குழி
ஈரமாய் இருக்கும்.
அதிலேயே தொட்டெடுப்பேன்.

தையில் மண்டபம், நானூறு பேர், வீடியோக்காரர்.
வேறொன்றும் ஞாபகமில்லை.

முப்பத்தொரு வருடம் கழித்து
ஓய்வூதியப் படிவம் கேட்கிறது:
திருமண நாள்?
இவர் பேனாவை என் பக்கம் தள்ளுகிறார்.
மாமி இருந்தால் திட்டுவா.
பீடை மாதத்தையே எழுதுகிறேன்.
நல்லகாலம்,
அரசாங்கத்துக்கும் அதுதான் வேணுமாம்.